ஃபார்மேட் அடிப்பதற்கு முன் பாதி வேலை

எங்கள் ஊரில் லேப்டாப் மந்தமானால் எல்லோருக்கும் தெரிந்த ஒரே வைத்தியம், "ஃபார்மேட் அடிச்சு விண்டோஸ் போட்டுரு" என்பதுதான். போடுவதும் பெரிய காரியமில்லை. பென்டிரைவைச் செருகிவிட்டு ஒரு காபி குடித்துவிட்டு வந்தால் புது டெஸ்க்டாப் தயாராக இருக்கும். தொல்லை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. வைஃபை இருந்த சுவடே தெரியாது. பாட்டுப் போட்டால் சத்தம் வராது. திரையில் எழுத்துகள் பக்கவாட்டில் இழுத்துவிட்டதுபோல் நிற்கும், வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. டச்பேடில் இரண்டு விரலை வைத்துத் தள்ளினால் பக்கம் நகராது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், "பழைய மாடல் சார், டிரைவர் கிடைக்காது, புதுசு பாத்துக்குங்க" என்பார்கள். லேப்டாப் பரணுக்குப் போய்விடும்.

அப்படிப் பரணுக்குப் போனவற்றை இறக்கி ஓடவைப்பது சில வருடங்களாக எனக்குப் பிடித்த மாலை நேர வேலை. சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், தெரிந்த கடைக்காரர்கள் என்று கொண்டுவந்து கொடுப்பார்கள். நிறைய லேப்டாப்புகளில் போர்டில் ஒரு குறையும் இருக்காது. சில்லுகள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். அவற்றோடு பேசத் தெரிந்த மென்பொருள் மட்டும் அழிக்கப்பட்டிருக்கும். பழைய லேப்டாப்புக்கு ஓ.எஸ்., அதாவது விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம், போடும் வேலையில் முக்கியமான பாதி, எதையும் அழிப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்தப் பாதியைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை.

ஒவ்வொரு சில்லுக்கும் தனிக் கட்டளை முறை உண்டு. எந்த இடத்தில் எந்த எண்ணை எழுதினால் வைஃபை ரேடியோ விழிக்கும், எதை எழுதினால் திரையின் பின்விளக்கு மங்கும் என்பதெல்லாம் ஓ.எஸ்.ஸுக்குத் தானாகத் தெரியாது. அதைத் தெரிந்து வைத்திருப்பது டிரைவர். ஓ.எஸ். எழுதியவர்கள் பொதுவான டிரைவர்கள் சிலவற்றைச் சேர்த்தே தருவார்கள். அதனால்தான் புதிதாக விண்டோஸ் போட்டவுடன் திரை ஏதோ ஒரு விதத்தில் தெரிகிறது, டச்பேட் சாதாரண மவுஸ் போலவாவது நகர்கிறது. மீதிக்கு அந்தந்தச் சில்லுக்கு உரிய டிரைவர் வேண்டும். அதைத் தேட, முதலில் சில்லு எது என்று தெரிய வேண்டும்.

இங்கேதான் ஒரு தாளும் பேனாவும் வேண்டும். லேப்டாப்புக்குள் பிசிஐ என்ற உள் இணைப்புப் பாதை வழியாக இணைந்திருக்கும் ஒவ்வொரு பாகமும் தன்னைப் பற்றி இரண்டு எண்களைச் சொல்லும். ஒன்று செய்த நிறுவனத்தின் எண், மற்றது அந்தப் பாகத்தின் எண். இரண்டும் நான்கு இலக்கம், பதினாறின் அடிமானத்தில் எழுதியவை. இன்டெல் நிறுவனத்தின் எண் 8086. அந்த நிறுவனம் 1978-இல் வெளியிட்ட ப்ராசஸரின் பெயரையே எண்ணாக வைத்துக்கொண்டார்கள். 1002 என்று வந்தால் ஏடிஐ, அதாவது 2006-இல் ஏஎம்டி வாங்கிய கிராஃபிக்ஸ் நிறுவனம். யுஎஸ்பி வழியாக இணையும் கேமரா, புளூடூத் போன்றவற்றுக்கும் இதேபோல் இரட்டை எண் உண்டு. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, பாகத்தின் ப்ராப்பர்ட்டீஸில் டீட்டெயில்ஸ் பகுதிக்குப் போய், பட்டியலில் ஹார்ட்வேர் ஐடீஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் எண்கள் தெரியும். லினக்ஸில் எல்எஸ்பிசிஐ என்ற கட்டளை போதும்.

மாடல் பெயரை வைத்து டிரைவர் தேடுவதைவிட இந்த எண்ணை வைத்துத் தேடுவது எவ்வளவோ மேல். ஒரே மாடல், ஒரே வருடம், ஆனால் உள்ளே வேறு வேறு வைஃபை அட்டை என்பது லேப்டாப் உலகில் சர்வசாதாரணம். தயாரிப்பாளரின் பக்கத்தில் ஒரே மாடலுக்கு இரண்டு மூன்று வைஃபை டிரைவர்கள் வரிசையாகக் கிடப்பதன் காரணம் அதுதான். நம்முடையது எது என்பதை எண் மட்டுமே சொல்லும்.

எண்களைக் குறித்த பிறகு, ஓடிக்கொண்டிருக்கும் டிரைவர்களையே அள்ளி வைத்துக்கொள்ளலாம். விண்டோஸ் 10-இல் டிஸ்ம் என்ற கட்டளைக் கருவியிடம் எக்ஸ்போர்ட் டிரைவர் என்று சொன்னால், வெளியிலிருந்து வந்த டிரைவர்கள் அத்தனையையும் ஒரு ஃபோல்டரில் கொட்டிவிடும். விண்டோஸ் 7-இல் அந்த வசதி இல்லை. ஆனால் சிஸ்டம்32-க்குள் டிரைவர்ஸ்டோர் என்ற ஃபோல்டர் இருக்கிறது, அதை அப்படியே நகலெடுத்துக்கொண்டு பிறகு டிவைஸ் மேனேஜருக்கு அந்த இடத்தைக் காட்டினால் தேவையானதை அதுவே எடுத்துக்கொள்ளும். பல வருடம் ஓடிய லேப்டாப்பில் இருக்கும் டிரைவரைவிடப் பொருத்தமானது வேறு எங்கே கிடைக்கும்?

லைசென்ஸ் எண்ணையும் மறக்கக் கூடாது. விண்டோஸ் 7 காலத்து லேப்டாப்பில் அது அடிப்பக்கத்து ஸ்டிக்கரில் இருக்கும். மடியில் வைத்து வைத்து எழுத்து தேய்ந்திருக்கும், ஆகவே தெரியும்போதே படமெடுத்துவிட வேண்டும். விண்டோஸ் 8-லிருந்து, அதாவது 2012-க்குப் பிறகு, விண்டோஸோடு விற்ற லேப்டாப்புகளில் எண்ணைப் போர்டில் உள்ள ஃபர்ம்வேரிலேயே, அதாவது சில்லுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருளிலேயே, பதித்துவிட்டார்கள். அதே பதிப்பைத் திரும்பப் போட்டால் தானாக எடுத்துக்கொள்ளும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு: ஃபான்ட்ஸ் ஃபோல்டர். யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீட்டு முறைக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் இன்னும் ஆயிரக்கணக்கான வீடுகளில் இருக்கின்றன. டாக்குமெண்ட்ஸை மட்டும் காப்பாற்றிவிட்டு எழுத்துருவைவிட்டால், கோப்பைத் திறக்கும்போது தமிழ் இருக்காது. சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் வரிசையாக நிற்கும். அப்பா எழுதிவைத்த குடும்ப வரலாறு இப்படி ஆகிப்போன ஒரு வீட்டை எனக்குத் தெரியும். எந்த எழுத்துரு என்று கண்டுபிடிப்பதற்குள் அவர்கள் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

அக்கா வீட்டுப் பரணில் இருந்தது தமிழக அரசு கொடுத்த லேப்டாப். அந்த இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. ஆரம்ப வருடங்களில் வந்தவற்றில் இரண்டு ஓ.எஸ். இருந்தன. ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், இன்னொன்று மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கிய பாஸ் லினக்ஸ். அக்கா மகள் பிளஸ் டூவில் வாங்கியது. அவள் கல்லூரி முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் ஆகிவிட்டது. இப்போது பிளஸ் ஒன் படிக்கும் அவள் தம்பி அதை எடுத்துக்கொண்டு வந்தான்.

"மாமா, இதுல பைத்தான் ஓடுமா? அப்பா புதுசு இப்ப வாங்க முடியாதுங்கிறார்."

"ஓடும்டா. அக்காவோட ஃபோட்டோல்லாம் உள்ள இருக்கா பாரு முதல்ல."

இருந்தன. கல்லூரிச் சுற்றுலா, செமினார் கோப்புகள், தாத்தாவின் எண்பதாம் கல்யாணப் படங்கள். அவற்றையும் டிரைவர் ஃபோல்டரையும் வெளியே எடுத்தோம். எண்களை அவன்தான் தாளில் எழுதினான்.

அந்த லேப்டாப்பில் இருந்த ப்ராசஸர் 64 பிட் தாங்கும். ஆனால் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 32 பிட்டில் மட்டுமே வந்தது. 2 ஜிபிக்கு மேல் ராம் போட்டாலும் பயன்படுத்தாது. டெஸ்க்டாப்பின் பின்னணிப் படத்தைக்கூட மாற்றவிடாத பதிப்பு அது. வருடக்கணக்காக அந்த மெஷினைத் திணறவைத்ததில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. டிடிஆர்3 ராம் இப்போது பழையது மலிவாகக் கிடைக்கிறது. அதைக் கூட்டி, ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் ஒரு சாட்டா எஸ்எஸ்டியைப் போட்டால் ஆளே மாறிவிடும். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்துவிட்டது. இணையத்தில் உலவப்போகிற பையனுக்கு அதைப் போட்டுக் கொடுக்க எனக்கு மனமில்லை. எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப்போடு வரும் லினக்ஸ் மின்ட் 22 என்று முடிவு செய்தோம். அதற்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு.

லினக்ஸில் நான் பெரிதும் மதிக்கும் வசதி, டிஸ்கைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம் என்பது. திரை, சத்தம், கேமரா, டச்பேட், வெளிச்சம், மூடினால் தூங்கித் திறந்தால் விழிக்கிறதா என்று எல்லாவற்றையும் அழிப்பதற்கு முன்பே சோதித்துவிடலாம். இந்த லேப்டாப்பில் எல்லாம் சரியாக இருந்தன, வைஃபை தவிர. பாகம் பட்டியலில் வருகிறது, எண்ணும் சரி, ஆனால் அந்தச் சில்லுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பு பென்டிரைவில் இல்லை. அந்தக் கோப்பை நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் மற்றவர்கள் சேர்த்துக் கொடுக்க முடியாது.

இந்த இடத்தில் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைக்கு வைஃபை பெரும்பாலும் சும்மா வந்துவிடுகிறது என்றால் அதன் பின்னால் சிலருடைய பெரும் உழைப்பு இருக்கிறது. 2000-களின் நடுவில் பிராட்காம் நிறுவனத்தின் வைஃபை சில்லுகள் ஏராளமான லேப்டாப்புகளில் இருந்தன. லினக்ஸுக்கு டிரைவரும் இல்லை, சில்லு எப்படி இயங்குகிறது என்ற ஆவணமும் வெளியே இல்லை. என்டிஸ்ராப்பர் என்ற கருவியின் மூலம் விண்டோஸ் எக்ஸ்பி டிரைவரையே லினக்ஸுக்குள் ஓட்டிச் சமாளித்தார்கள். இன்னொரு பக்கம் ஒரு தன்னார்வக் குழு, ஏற்கெனவே இருந்த டிரைவரைப் பிரித்துப் படித்து, சில்லு என்ன செய்கிறது என்பதை மட்டும் விளக்கமாக எழுதியது. அந்த விளக்கத்தை மட்டும் படித்துவிட்டு வேறொரு குழு புதிதாக டிரைவர் எழுதியது. பிரித்தவர்கள் எழுதவில்லை, எழுதியவர்கள் பிரிக்கவில்லை. பதிப்புரிமைச் சிக்கல் வராமல் இருக்க அந்த ஏற்பாடு. அப்படி உருவான டிரைவர் 2006-இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் சேர்ந்தது. 2008-இல் பி43 என்ற பெயரில் அதன் அடுத்த வடிவம் வந்தது. 2010 செப்டம்பரில் பிராட்காமே தன் புதிய சில்லுகள் சிலவற்றுக்கான டிரைவரைத் திறந்த மூலமாக, அதாவது நிரல் வரிகளை யாரும் பார்க்கும்படி, வெளியிட்டது.

ஊதியமில்லாமல், ஆவணமில்லாமல், ஒரு ரேடியோ சில்லு என்ன பேசுகிறது என்று உட்கார்ந்து கேட்டு எழுதிய அந்த மனிதர்களை நான் நினைக்காமல் எந்த லேப்டாப்பிலும் வைஃபையை இணைப்பதில்லை.

அவர்கள் செய்ததன் மதிப்பு, டிரைவர் கிடைத்தது என்பதோடு முடியவில்லை. அது கெர்னலின் மூலத்துக்குள் போய்ச் சேர்ந்தது என்பதில் இருக்கிறது. விண்டோஸில் ஒரு பாகத்தின் டிரைவர் அதைச் செய்த நிறுவனத்தின் கையில்தான் பெரும்பாலும் இருக்கிறது. புதிய விண்டோஸ் வரும்போது அவர்கள் திரும்ப எழுதினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. லினக்ஸில் டிரைவரின் மூலம் கெர்னலோடே இருக்கிறது. உள்ளே ஒரு விதியை மாற்றுகிறவர் அந்த விதியைப் பயன்படுத்தும் பழைய டிரைவர்களையும் சேர்த்தே திருத்திக் கொடுக்க வேண்டும். அதனால்தான் செய்த நிறுவனமே மறந்துவிட்ட அட்டைகள் இன்றைய லினக்ஸில் செருகியவுடன் ஓடுகின்றன. மூலத்தைத் தராத இடங்களில் லினக்ஸிலும் இதே கதிதான். என்விடியாவின் பழைய கார்டுகளுக்கான 340 வரிசை டிரைவரின் ஆதரவு 2019 இறுதியிலும், 390 வரிசையின் ஆதரவு 2022 இறுதியிலும் நின்றுவிட்டன. அதன் பிறகு அந்தக் கார்டுகளுக்கு நூவோ என்ற திறந்த டிரைவர்தான் துணை.

ஃபர்ம்வேர் விஷயத்திலும் உலகம் இளகியிருக்கிறது. டெபியன் திட்டத்தில் 2022-இல் உறுப்பினர்கள் வாக்களித்து, திறந்த மூலமல்லாத ஃபர்ம்வேரையும் அதிகாரப்பூர்வ இன்ஸ்டாலரிலேயே சேர்க்கலாம் என்று முடிவு செய்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 அப்படித்தான் வந்தது. கொள்கையில் பிடிவாதமானவர்கள் அவர்கள். பழைய லேப்டாப்போடு மல்லுக்கட்டும் ஒருவரை வைஃபை இல்லாமல் நடுவழியில் விடக் கூடாது என்று இறங்கிவந்தார்கள். அது சரியான முடிவு என்பது என் எண்ணம்.

பையனின் லேப்டாப்புக்கு வருகிறேன். வைஃபை டிரைவரை இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு வைஃபை வேண்டும். இந்தச் சிக்கலை அவிழ்க்க, வீட்டில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனே போதும். யுஎஸ்பி கேபிளில் இணைத்து, போனின் அமைப்புகளில் யுஎஸ்பி டெதரிங்கை இயக்கினால், லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். தனி டிரைவர் எதுவும் வேண்டாம். விண்டோஸ் 10-இலும் பெரும்பாலும் இது அப்படியே வேலை செய்யும். பிறகு மின்ட்டில் உள்ள டிரைவர் மேனேஜரைத் திறந்து, அது காட்டியதை ஏற்றினோம்.

ஏற்றிய பிறகும் பக்கத்தில் இருக்கும் வைஃபை இணைப்புகளின் பெயர்களைக் காட்டவில்லை. ரேடியோவுக்குத் தடை இருக்கிறதா என்று சொல்லும் ஆர்எஃப்கில் என்ற கட்டளையை ஓட்டச் சொன்னேன். மென்பொருள் தடை இல்லை, வன்பொருள் தடை உண்டு என்று வந்தது. பையன் லேப்டாப்பைத் தூக்கித் திருப்பிப் பார்த்தான். முன் விளிம்பில் நகத்தால் தள்ளும் அளவுக்கு ஒரு சின்ன ஸ்விட்ச்.

"மாமா, இது என்ன?"

தள்ளினான், வந்துவிட்டது. அந்தக் காலத்து லேப்டாப் பலவற்றில் இந்த ஸ்விட்ச் உண்டு. இப்போதைய பிள்ளைகள் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை.

சில நாள் கழித்துப் போன் செய்தான். வைஃபை இணைகிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை, எல்லாம் பாதுகாப்பற்றது என்று எச்சரிக்கிறது. டிரைவர் மறுபடியும் போய்விட்டதா என்று கேட்டான். கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னேன். தேதி பத்து வருடத்துக்கு மேல் பின்னால் கிடந்தது. போர்டில் நாணயம்போல் ஒரு சிஆர்2032 பேட்டரி இருக்கும். லேப்டாப் அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். பரணில் கிடந்த வருடங்களில் அது தீர்ந்துபோயிருக்கும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் குறிப்பிட்ட தேதிக்குள் மட்டும் செல்லும். கணினியின் தேதி அதற்கு முன்னால் இருந்தால் பிரவுசர் நம்ப மறுக்கும். சில லேப்டாப்புகளில், கணினி விழித்தவுடன் முதலில் ஓடும் பயாஸின் அமைப்புகளும் இதனால் ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடும், அப்போது டிஸ்க் தெரியவில்லை, ஓ.எஸ். காணவில்லை என்றுகூட வரும். டிரைவர் பிரச்சினை என்று என்னிடம் வந்தவற்றில் இந்தப் பேட்டரிப் பிரச்சினையும் அடிக்கடி இருக்கிறது. பேட்டரியை எந்தக் கடிகாரக் கடையிலும் வாங்கலாம். லேப்டாப்பில் ஒயர் சேர்த்து உறையிட்ட வடிவமாக இருந்தால் மட்டும் அதே வடிவத்தைத் தேட வேண்டும்.

தமிழில் தட்டச்சு செய்ய, லினக்ஸில் மொழி உள்ளீட்டைக் கவனிக்கும் ஐபஸ்ஸில் எம்17என் தொகுப்பைச் சேர்த்து, தமிழ்99 விசைப்பலகை வைத்துக் கொடுத்தேன்.

எல்லா லேப்டாப்புக்கும் லினக்ஸ் என்று நான் சொல்ல மாட்டேன். டிடிபி கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என்று எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில். அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். பழைய எழுத்துருக்களில் பல வருடத்துக் கோப்புகள் வைத்திருக்கிறார். அவருடைய லேசர் பிரிண்டருக்கு 32 பிட் விண்டோஸ் 7 வரைதான் டிரைவர். 32 பிட் டிரைவரை 64 பிட் விண்டோஸ் ஏற்றாது, எந்தத் தந்திரம் செய்தாலும் ஏற்றாது. அந்த லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் டிக் டிக்கென்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது. விண்டோஸ் பூட் ஆகவே இல்லை.

"தம்பி, நாளைக்கு ஒரு பத்திரிகை டெலிவரி இருக்கு. பிரிண்ட் மட்டும் வந்தா போதும்."

"வரும் அண்ணே. ஆனா ஒண்ணு, இதுல நெட்டு மட்டும் போடக் கூடாது."

"நெட்டு எதுக்கு? அதுக்குத்தான் போன் இருக்கே."

விண்டோஸ் எழவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரும் இல்லை. அப்போதும் லினக்ஸ் பென்டிரைவ்தான் கைகொடுக்கும். அதில் பூட் செய்து எண்களைக் குறித்துக்கொண்டேன். டிஸ்கை நேராகத் திறந்து கோப்புகளைத் துழாவாமல், ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ கொண்டு முழு டிஸ்கையும் வேறொரு டிஸ்கில் படியெடுத்தேன். படிக்க முடியாத இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல் தாண்டிப் போய், எளிதாகக் கிடைப்பதை முதலில் எடுத்துவிட்டுக் கடினமானதைக் கடைசியில் முயலும் கருவி அது. சாகும் தறுவாயில் இருக்கும் டிஸ்குக்கு அதுதான் ஏற்றது. ஃபான்ட்ஸ் ஃபோல்டரும் பத்திரிகைக் கோப்புகளும் வந்துவிட்டன.

புது எஸ்எஸ்டியில் விண்டோஸ் 7 போடும்போது கவனிக்க வேண்டிய ஒன்று யுஎஸ்பி துளை. விண்டோஸ் 7-க்கு யுஎஸ்பி 3.0 பற்றிச் சொந்தமாக எதுவும் தெரியாது. பென்டிரைவை நீல நிறத் துளையில் செருகினால் இன்ஸ்டாலர் தொடங்கிய பிறகு பாதியில் டிரைவர் கேட்டு நின்றுவிடும். பக்கத்தில் இருக்கும் கறுப்புத் துளைக்கு மாற்றினால் போய்விடும். 2015-க்குப் பிந்தைய இன்டெல் லேப்டாப் பலவற்றில் கறுப்புத் துளையும் உள்ளே புதிய முறையில்தான் இயங்கும், அங்கே இன்ஸ்டாலரிலேயே டிரைவரைச் சேர்த்தாக வேண்டும். அண்ணனுடையது அதற்கு முந்தையது.

விண்டோஸ் ஏறியதும் டிவைஸ் மேனேஜரில் வரிசையாக மஞ்சள் குறிகள். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு இது பயமாக இருக்கும், பெயர்களும் உதவாது. பழகிவிட்டால் பெயரே பாதி விடை சொல்லிவிடும். எஸ்எம் பஸ் கன்ட்ரோலர் என்று மஞ்சளில் இருந்தால், போர்டின் பாகங்களை ஒன்றோடொன்று இணைக்கும் சிப்செட்டின் டிரைவர் போடவில்லை என்று அர்த்தம். பிசிஐ சிம்பிள் கம்யூனிகேஷன்ஸ் கன்ட்ரோலர் என்பதைப் பார்த்துப் பலர் மோடம் டிரைவர் தேடி அலைவார்கள். இன்டெல் மெஷின்களில் பெரும்பாலும் அது மேனேஜ்மெண்ட் எஞ்சின் என்ற, சிப்செட்டுக்குள் இருக்கும் தனி நிர்வாகப் பாகம். பேஸ் சிஸ்டம் டிவைஸ் என்று ஒன்றோ இரண்டோ இருந்தால் பொதுவாக மெமரி கார்டு ரீடர். ஏசிபிஐ என்று தொடங்கும் பெயர் தெரியாத பாகம், பெரும்பாலும் வெளிச்சம், ஒலிக்கான விசைகளைக் கவனிக்கும் தயாரிப்பாளரின் சின்ன மென்பொருளுக்கு உரியது. ஸ்டாண்டர்ட் விஜிஏ அடாப்டர் என்று திரை அட்டை காட்டினால் மஞ்சள் குறி இல்லாவிட்டாலும் டிரைவர் இல்லை என்றுதான் பொருள்.

சிப்செட் டிரைவரை முதலில் போட்டு, மறுதொடக்கம் செய்து, பிறகு மற்றவற்றுக்குப் போவேன். போர்டில் எது எங்கே இருக்கிறது என்று விண்டோஸுக்குச் சரியான பெயர்களைச் சொல்லித் தருவது அதுதான். அதைப் போட்டவுடன் மஞ்சள் குறிகளில் சில தாமாகவே மறையும். அடுத்து கிராஃபிக்ஸ், சத்தம், கடைசியில் டச்பேட். பிரிண்டரை மட்டும் மென்பொருளை முழுக்க நிறுவிய பிறகே கேபிளில் இணைக்க வேண்டும். முன்னாலேயே செருகினால் விண்டோஸ் அதை ஏதோ ஒரு பாகமாகப் பதிந்து வைத்துக்கொள்ளும், பிறகு சரியான டிரைவரைக் கொடுத்தாலும் பழைய பதிவைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அன்று இரவே அண்ணனுக்குப் பத்திரிகை பிரிண்ட் ஆனது. பெண் வீட்டார் பெயரில் ஒரு ஒற்று விட்டுப்போயிருந்ததையும் அதே இரவில் திருத்தினார்.

இந்த வேலைகளில் நான் கடுமையாக மறுக்கும் ஒன்று உண்டு. ஒரே கிளிக்கில் எல்லா டிரைவரையும் கண்டுபிடித்துப் போடுகிறோம் என்று சொல்லும் இலவச மென்பொருள்கள். எண்ணைப் பார்த்து ஏதோ பொருத்தமான ஒன்றைப் போடுவார்கள், கூடவே கேட்காத நான்கையும் ஏற்றிவிடுவார்கள். டிரைவர் என்பது கெர்னலுக்குள் ஓடுவது. அதற்குள் ஒன்று வந்துவிட்டால் கணினியில் அது தொட முடியாத இடம் இல்லை. தயாரிப்பாளரின் தளம், சில்லு நிறுவனத்தின் தளம், மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் ஆகிய இந்த மூன்றுக்கு வெளியே நான் போவதில்லை. கேட்டலாக்கில் ஹார்ட்வேர் ஐடியை அப்படியே ஒட்டித் தேடலாம் என்பது பலருக்குத் தெரியாத வசதி.

காப்பாற்ற முடியாதவையும் உண்டு. 2011, 2012 வாக்கில் வந்த சில ஆட்டம் நெட்புக்குகளில் ஜிஎம்ஏ 3600 என்ற கிராஃபிக்ஸ் இருந்தது. இன்டெல் பெயரில் வந்தாலும் உள்ளே வேறொரு நிறுவனத்தின் பவர்விஆர் வடிவமைப்பு. முழுமையான டிரைவர் 32 பிட் விண்டோஸ் 7-க்கு மட்டும்தான் வந்தது. லினக்ஸில் திரை தெரியும், வேகமூட்டும் வசதி இல்லை; ஒரு வீடியோகூட ஒழுங்காக ஓடாது. அப்படி ஒன்று வந்தால், தட்டச்சுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று நேராகச் சொல்லிவிடுவேன்.

2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு முடிந்தபிறகு வேறு வகை லேப்டாப்புகள் வர ஆரம்பித்திருக்கின்றன. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை ப்ராசஸரும் வேண்டும். அதற்கு முந்தைய நான்காம், ஐந்தாம், ஆறாம் தலைமுறை லேப்டாப்புகள் இன்னும் நன்றாக உழைக்கக்கூடியவை. அவற்றின் பாகங்களுக்கு லினக்ஸ் கெர்னலில் டிரைவர் அநேகமாக ஏற்கெனவே இருக்கிறது. இப்போது என் மேசையில் இருப்பது பக்கத்துத் தெரு டீச்சரம்மாவுடையது. பென்டிரைவில் ஓட்டிப் பார்த்தாயிற்று. வைஃபை, சத்தம், கேமரா, பள்ளியின் புரொஜெக்டருக்குப் போகும் எச்டிஎம்ஐ எல்லாம் சரி. கைரேகை ரீடருக்கு மட்டும் லினக்ஸில் டிரைவர் இல்லை, எண்ணை வைத்துத் தேடியும் வழியில்லை. போன் செய்து சொன்னேன். "பாஸ்வேர்டு அடிச்சுக்கிறேன் தம்பி, என் கேள்வித்தாளெல்லாம் பத்திரமா இருக்கா பாருங்க" என்றார். கோப்புகளும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரும் வெளி டிஸ்குக்கு நகலாகிக்கொண்டிருக்கின்றன. முடிந்ததும் இன்ஸ்டால் தொடங்கலாம்.